ஆளுயர மாலை

ஜன்னல் ஷட்டரை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொள்ளட்டுமா சார்? காற்றுக்காக இல்லை. டிரைவர் முன்னால் முருகன் படத்துக்கு ரோஜா மாலை போட்டிருக்கிறார் பாருங்கள், அந்த வாசனை எனக்கு ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ரோஜா என்றாலே இப்படித்தான். நேற்று பக்கத்து வீட்டில் யாரோ ஊதுபத்தி ஏற்றினார்கள். ரோஜா ஊதுபத்தி. குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நீங்கள் பழனியா? ஓ, சத்திரப்பட்டியில் இறங்குகிறீர்களா. அன்னதானப் பந்தலா? நல்லது. நாளைக்குத் தைப்பூசம், பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறது, இந்த பஸ் இனிமேல் ஊர்ந்துதான் போகும். நான் பழனிக்கு. சாமி கும்பிட இல்லை. ஒரு பொருளை ஒருத்தனிடம் கொடுக்கவேண்டும். இதோ, மடியில் பையில் வைத்திருக்கிறேனே, இதுதான். கையுறை. கோல்கீப்பர் போடுகிற கையுறை. கொடுத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

கால்பந்து பார்ப்பீர்களா? மாட்டீர்கள். பரவாயில்லை, பார்க்கிறவர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள்.

திருச்சியில் ஒரு போட்டி நடந்தது சார், வளரும் நாடுகள் கோப்பை என்று. ஆறு நாடுகள். எல்லாம் சின்னச் சின்ன நாடுகள், உலகக் கோப்பைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திராதவை. நான் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். அந்தக் காலத்தில் நானும் கோல்கீப்பர்தான், பல்கலைக்கழக அணிக்கு. மாற்று கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை, அது வேறு கதை. அதனால் என்னையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு ஓர் அணி, அவர்களுக்குத் தண்ணீர், வண்டி, மருந்து எல்லாம் பார்த்துக்கொள்ளவேண்டும். எனக்கு மொரிஷியஸ் அணி.

விமான நிலையத்தில் ஒவ்வொருவராகக் கை கொடுத்துப் பெயர் சொன்னார்கள். வாயில் நுழையாத பெயர்கள். ஒருத்தன், ஆறடிக்கு மேல், கறுப்பு, சுருள் முடி, கையைக் கூப்பி "வணக்கம் அங்கிள், லூடோவிக் ஆறுமுகம்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பாதி வெள்ளைக்காரன், பின்பாதி நம்ம ஆள்.

ஏன் தூக்கிவாரிப் போட்டது என்றால், எங்கள் பாட்டனாருக்கு ஒரு சித்தப்பா. அவர் பெயரும் ஆறுமுகம்தான். பங்காளிச் சண்டையில் கோபித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போனவர், போனவர்தான். எந்தக் கப்பல், எந்த நாடு, ஒன்றும் தெரியாது. இதைவிட வேறு என்ன சார் ஆதாரம் வேண்டும்? மூக்கும் அப்படியே இருந்தது.

என் மச்சினன் பாலகுருவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். புத்தி கெட்டுப்போய்ச் செய்தேன். என் மனைவி வீட்டார் என்னை எந்தக் காலத்திலும் ஓர் ஆளாக மதித்ததில்லை. கல்யாணங்களில் "விசில் வாத்தியார் வந்துட்டார், வழி விடுங்கப்பா" என்பார்கள். அந்த பாலகுரு அன்றைக்கு "மச்சான், நெசமாவா மச்சான்? நம்ம ரத்தமா மச்சான்?" என்று நாலு தடவை மச்சான் போட்டான். மறுநாள் ஸ்டேடியம் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். கடல் கடந்து வந்த எங்கள் குலக்கொழுந்தே வருக வருக. லூடோவிக் படம் பெரிசாக, பாலகுரு படம் அதைவிடக் கொஞ்சம் பெரிசாக. என் படம் கீழே, ஓரத்தில், வட்டத்துக்குள். வைத்தான் என்பதே பெரிது.

பையன் ஆடினான் சார். அதைச் சொல்லியாகவேண்டும். ஃபைனல் வரைக்கும் ஒரு பந்தை உள்ளே விடவில்லை. பந்து காலை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே இவன் அங்கே கிடப்பான். மொரிஷியஸ் என்றால் எங்கே இருக்கிறது என்று தெரியாத கூட்டம், "ஆறுமுகம் ஆறுமுகம்" என்று கத்தியது. அமைப்புக் குழுத் தலைவரின் ஆட்கள் வேறு, இவன் எங்கள் ஆள், எங்கள் பக்கத்து ஆள் என்று கிளப்பிவிட்டார்கள். வெட்கம் கெட்டவர்கள். மூக்கைக்கூடப் பார்க்காமல்.

ஃபைனலுக்கு முதல் நாள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவது என்று பாலகுரு ஏற்பாடு செய்தான். பையனைக் கொண்டுவருவது என் பொறுப்பு. அந்த அணிக்கு மேலாளர் ஓர் அம்மாள். முடியாது என்றாள். "நாளைக்கு ஃபைனல், இன்றைக்கு அவன் தூங்கவேண்டும்" என்றாள். தூக்கமாம். சொந்த ரத்தத்தைப் பார்க்க வந்தவன் தூங்குவானா? நான் குழுவில் பேசி, அங்கே பேசி, இங்கே பேசி, ஒரு மணி நேரம் என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். எங்கள் ஊர் புதுக்கோட்டைக்கு அந்தாண்டை. போய்வரவே அரை நாள் ஆகும். ஒரு மணி நேரம் என்றால் நம் ஊரில் ஒரு மணி நேரமா சார்? ஒரு பேச்சுக்குச் சொல்வதுதானே.

அங்கே போனால் ஊரே திரண்டு நிற்கிறது. எல்லாரும் அவன் மூக்கைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் பெரியப்பா ஒருவர், கண் சரியாகத் தெரியாது, தடவியே பார்த்தார். "எந்த வகையறான்னு கேளுடா" என்றார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். பையன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு "மொரிஷியஸ்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பிறகு சொன்னான், "அப்பா வழியில் கடலூர் என்று கேள்வி, அங்கிள்." கப்பல் நின்ற இடத்தைச் சொல்கிறான், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். கடலூரில் எங்களுக்கு யாரும் கிடையாது.

இலை போட்டார்கள். நூறு இலை. குழம்பு, வறுவல், ரத்தப் பொரியல். நடு இலையில் இவனை உட்கார வைத்து ஈரலை எடுத்து முதலில் இவனுக்கு வைத்தார்கள். அது என்ன மரியாதை தெரியுமா சார்? எனக்கு இந்த வயது வரைக்கும் வைத்ததில்லை. இவன் இலையைப் பார்க்கிறான். என்னைப் பார்க்கிறான். "விரதம் அங்கிள்" என்கிறான். விரதம் என்ற வார்த்தையைத் தமிழிலேயே சொன்னான். தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமாம். அவர்கள் ஊரில் வருஷா வருஷம் காவடி எடுப்பானாம். இந்த வருஷம் போட்டிக்கு வந்துவிட்டதால், போட்டி முடிந்ததும் பழனிக்கே போய் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறானாம்.

எப்படி இருக்கிறது பாருங்கள். எங்கள் ஊரில் வந்து, எங்கள் இலையில் உட்கார்ந்து, எனக்கு விரதம் சொல்லித் தருகிறான்.

என் மனைவி குணசுந்தரி வந்து காதோரம் சொன்னாள். "ஏங்க, அந்தப் பிள்ள விரதம்னு சொல்லுதுல்ல. ரெண்டு நிமிஷத்துல தயிர் ஊத்திப் பெசஞ்சு தந்துடறேன். விட்டுடுங்க."

"நீ சும்மா இரு. குலதெய்வத்துக்கு வெட்டினது பிரசாதம். அதுக்கு விரதம் கிடையாது."

"அது சாமிக்குத் தெரியும். வயித்துக்குத் தெரியுமா?"

பாலகுரு வேறு, "என்ன மச்சான், வெள்ளக்காரத் தொரைக்கு நம்ம வீட்டுக் கறி எறங்கலையோ?" என்றான். நூறு பேர் முன்னால். பையன் இலையை மூடவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. எல்லாரும் எழுந்திருக்கிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தான். அப்புறம் குணசுந்தரி அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள். மறைத்துக் கொடுக்கத் தெரியவில்லை. ஊரே பார்த்தது. அந்த இரண்டு பழம்தான் சார் அன்றைக்கு எங்கள் மானத்தை வாங்கினது.

பிறகு போட்டோ. அது சாயங்காலம் வரை போயிற்று. ஆளாளுக்குப் பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார்கள். வெயிலில் நின்று எல்லாப் பிள்ளைகளையும் தூக்கினான். திரும்பி வருகிற வழியில் வண்டியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். அந்த அம்மாள் ஓட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தாண்டி வந்து அவனை எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மரியாதை தெரியாத பெண்பிள்ளை.

சார், கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள், வாசனை மறுபடியும் வருகிறது. யாராவது அந்த மாலையைக் கழற்றி எறிந்தால் தேவலை. முருகன் கேட்டாரா மாலை?

ஃபைனல் லாவோஸோடு. சின்னச் சின்னப் பையன்கள், அணில் மாதிரி ஓடுவார்கள். ஆனால் மொரிஷியஸ் ஒரு கோல் போட்டுவிட்டது. இவன் பின்னால் நின்று காத்துக்கொண்டிருக்கிறான். கொஞ்சம் சோர்வு தெரிந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிடிக்கிறான். எல்லாவற்றையும் பிடிக்கிறான்.

இப்போது மாலைக்கு வருகிறேன். பாலகுரு ஆளுயர ரோஜா மாலைக்குச் சொல்லியிருந்தான். ஆளுயரம் என்றால், அந்த ஆறடி ஆளின் உயரம். உள்ளே கம்பி, தென்னங்கயிறு எல்லாம் வைத்துக் கட்டினது. கிரேன் வைத்துத் தூக்கிப் போடுவதாகத்தான் திட்டம், ஸ்டேடியத்துக்குள் கிரேனை விடமாட்டோம் என்று போலீஸ் சொல்லிவிட்டது. அதனால் பத்துப் பேர் தோளில் சுமந்துகொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றார்கள். அமைப்புக் குழுத் தலைவரும் ஒரு மாலை வைத்திருந்தார், மேடை ஓரத்தில். யார் மாலை முதலில் விழுகிறதோ அவர்கள் ஆள். அவ்வளவுதான் கணக்கு. நாளைக்குப் பேப்பரில் அந்தப் படம்தான் வரும்.

பாலகுருவுக்கு ஆட்டம் தெரியாது. "மச்சான், எங்களுக்கு எப்ப முடியுதுன்னு தெரியாது. நீங்க கோட்டோரம் நிப்பீங்கள்ல, முடிஞ்சதும் கையத் தூக்குங்க. தலைவர் படி எறங்குறதுக்குள்ள நாங்க உள்ள பாஞ்சுருவோம்" என்றான். சரி என்றேன். யாரோ ஒருவர் சொல்லவேண்டியதுதானே.

ஆட்டம் முடிகிற நேரம். இன்னும் ஒரு நிமிஷமோ இரண்டோ. மேடையில் தலைவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொள்கிறார். அவருடைய ஆட்கள் மாலையைத் தூக்கிவிட்டார்கள். அப்போது அந்தக் கோடியில் ரெஃபரி விசில் அடித்தார். ஆஃப்சைடு என்று ஒரு தப்பு, அதற்கு அடித்த விசில், ஆட்டம் முடிந்ததற்கு இல்லை. நான் கையைத் தூக்கினேன்.

தூக்கினது உண்மை. மறைக்கவில்லை. ஆனால் எதற்குத் தூக்கினேன்? ஆஃப்சைடு என்று காட்டத்தான். ஆட்டம் தெரிந்தவனுக்கு ஆஃப்சைடு என்றால் கை தானாகப் போய்விடும் சார். முப்பது வருஷப் பழக்கம். அதை அந்த மடையர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள்.

பத்துப் பேரும் மாலையோடு உள்ளே பாய்ந்தார்கள். பின்னாலேயே ஐம்பது பேர். பையன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு. பின்னாலிருந்து மாலை விழுந்தது. "நோ நோ" என்று கத்துகிறான். "சிங்கக்குட்டி!" என்று பாலகுரு காலைக் கட்டித் தூக்குகிறான். தோளுக்கு மேலே தூக்கினார்கள், தூக்கினவர்களில் பாதிப் பேர் போலீசைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்த உயரத்திலிருந்து, மாலையோடு, இடது கையை ஊன்றி விழுந்தான். சத்தம் எனக்குக் கேட்டது. கோட்டோரத்தில் நிற்கிற எனக்குக் கேட்டது.

பிறகு தடியடி, துரத்தல், எல்லாம். கோலுக்கு முன்னால் முழுக்க ரோஜா இதழ். மிதித்து மிதித்துச் சேறாகிவிட்டது. அந்த வாசனை, வெயிலும் வியர்வையும் சேர்ந்து, சார், அதுதான். அதுதான் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

மாற்று ஆள் யாரும் மிச்சமில்லை. அவனே நின்றான். ரெஃபரி போன நேரத்தைச் சேர்த்துக் கொடுத்தார். லாவோஸ் பையன் ஒருத்தன் சும்மா உருட்டிவிட்டான் பந்தை, என் மனைவிகூடப் பிடித்திருப்பாள். இவன் கைக்கு வந்தது. இடது கை மூடவில்லை. நழுவி உள்ளே போயிற்று. ஆட்டம் சமன். அப்புறம் பெனால்டி. சரியான பக்கம்தான் விழுகிறான், ஒவ்வொரு தடவையும் சரியான பக்கம், கை மட்டும் வரவில்லை. தோற்றார்கள்.

உடனே மாறிவிட்டார்கள் சார். கண் மூடித் திறப்பதற்குள். "டேய், கப்பல் ஏத்துங்கடா இவன" என்று தண்ணீர் பாக்கெட்டை எறிகிறார்கள். தலைவரின் மாலை லாவோஸ் கோல்கீப்பர் கழுத்துக்குப் போய்விட்டது. அவர் எதுவுமே நடக்காத மாதிரி, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் நம் உறவினர்தான் என்று மைக்கில் பேசுகிறார். பாலகுரு என்னிடம் வந்து, "அவன் நம்ம ஆளே இல்ல மச்சான். நம்ம ரத்தமா இருந்தா பந்து நழுவுமா? அன்னிக்கு இலையிலயே தெரிஞ்சுபோச்சு" என்றான். ஃப்ளெக்ஸை அன்றைக்கே கிழித்துக் கொண்டுபோய் அவன் வீட்டு மாட்டுக்கொட்டகை மேலே போட்டுவிட்டான். லூடோவிக் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. என் வட்டமும் பக்கத்திலேயே.

நான் எதையும் என்னிடமே கேட்டுப் பார்க்கிற ஆள் சார். மற்றவர்கள் மாதிரி இல்லை. மூன்று நாளாகத் தூங்காமல் கேட்டுப் பார்க்கிறேன், இதில் என் தவறு என்ன? இருக்கிறது. இல்லை என்று சொல்லவே மாட்டேன். மனிதர்களை நம்பினேன். ஆட்டம் தெரியாதவர்களை ஆட்டத்துக்குப் பக்கத்தில் விட்டேன். பாசம் வைத்தேன். அதுதான் என் தவறு. வேறு என்ன?

குணசுந்தரியிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்டாள், "ஆஃப்சைடுக்குக் கையத் தூக்குற பழக்கம் இத்தன நாள் ஆட்டத்துல வரலையா?" என்று. அவளுக்கு என்ன சார் தெரியும் கால்பந்தைப் பற்றி? அன்றிலிருந்து அவளிடம் நான் பேசுவதில்லை. அவளும் பேசுவதில்லை.

நான் சொல்ல வந்தது அது இல்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் செய்தான் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. லாவோஸ் பையன்களைக் கட்டிப் பிடித்தான். சிரித்தான் சார். கையுறையைக் கழற்றிக் கோல் கம்பத்தடியில் வைத்தான். கழற்றும்போது மட்டும் முகம் கோணியது. பிறகு நேராக என்னிடம் வந்தான். திட்டுவான் என்று பார்த்தேன். அடித்தாலும் அடிப்பான் என்று ஒரு அடி பின்னால்கூட வைத்தேன். அவன் கையைக் கூப்பினான். இடது கை சரியாக வந்து ஒட்டவில்லை, வீங்கியிருக்கிறது. "சாரி அங்கிள்" என்றான். "வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். ஆன்ட்டியிடமும் சொல்லுங்கள்."

நான் அவனை விட்டுக் கோல் கம்பத்தடிக்குப் போய்விட்டேன்.

எதற்குச் சாரி? அதைத்தான் கேட்கப் போகிறேன். அந்த ஒரே கேள்வி. என்ன நினைத்துச் சொன்னாய்? நான் என்ன செய்தேன் என்று என்னிடம் சாரி கேட்கிறாய்? திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். இது என்ன பழக்கம்? எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் கிடையாது. அவன் எங்கள் ஆள் இல்லை என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று. கடலூர்க்காரனாகத்தான் இருக்கவேண்டும். மூக்கும் யோசித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை.

கையுறையை நான் எடுக்காவிட்டால் எவனாவது தூக்கிக்கொண்டு போயிருப்பான். ஓட்டலில் விசாரித்தேன். அணி நாளை மறுநாள்தான் கிளம்புகிறதாம். இவன் மட்டும் திண்டுக்கல் வரை காரில் போய், அங்கிருந்து நேற்று நடக்க ஆரம்பித்துவிட்டானாம். கையில் கட்டோடு.

பஸ் நின்றுவிட்டதே. என்ன கண்டக்டர், எதுவரைக்கும் கூட்டம்? சத்திரப்பட்டி வந்தாயிற்றா?

சார். சார், அங்கே பாருங்கள். புளியமரத்தடியில், மோர்ப் பந்தல் பக்கத்தில். மஞ்சள் வேட்டி. எல்லாரையும்விட ஒரு தலை உயரம். அவன்தான். கட்டைப் பாருங்கள், முழங்கை வரைக்கும் போட்டிருக்கிறார்கள். செருப்பு இல்லை. காலைப் பாருங்கள்.

அந்த மோர் கொடுக்கிற ஆள் என்ன சொல்கிறான், கேட்கிறதா? "சாமி, குடிங்க சாமி, இன்னொரு கிளாஸ் குடிங்க." கேட்டீர்களா? எந்த ஊர் என்று கேட்கவில்லை. எந்த வகையறா என்று கேட்கவில்லை. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கை வலிக்கும் என்று மோர்க்காரனே டம்ளரைப் பிடித்துக்கொள்கிறான் பாருங்கள். யாரென்றே தெரியாமல். இப்படியும் ஜனங்கள்.

இல்லை, நான் இறங்கவில்லை. எனக்குப் பழனிக்கு டிக்கெட். வண்டி எப்போது கிளம்பும் என்று சொல்லமுடியாது, இறங்கினால் விட்டுவிட்டுப் போய்விடுவான். நீங்கள் இங்கேதானே இறங்குகிறீர்கள்? இந்தப் பையை அவனிடம் கொடுத்துவிடுங்கள் சார். ஒன்றும் சொல்லவேண்டாம். மைதானத்தில் கிடந்தது என்று சொல்லுங்கள். கேள்வி வேண்டாம், கேள்வியை விடுங்கள், வெயிலில் நிற்கிறவனைப் போய். யார் கொடுத்தது என்று கேட்டால், யாரோ ஒருத்தர் என்று சொல்லுங்கள், போதும். இந்தப் பக்கம் கையைக் காட்டவேண்டாம். நான் ஷட்டரை இறக்கிவிடுகிறேன்.

பார்த்து இறங்குங்கள்.

சார்! சார், ஒரு நிமிஷம், இங்கே ஜன்னல் பக்கம் வாருங்கள். யாரோ என்று சொல்லவேண்டாம். சொந்தக்காரர் ஒருத்தர் கொடுத்தார் என்று சொல்லுங்கள்.